திருகோணமலையில் இருந்து வங்கி முகாமையாளர் ஆக: கவுண்டரில் இருந்து கடன் மேசைக்கு

மூதூரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, இரண்டு பாடத்தில் பி, ஒன்றில் சி. பல்கலைக்கழகம் கிடைக்குமா என்பது வெட்டுப்புள்ளி வந்த பிறகுதான் தெரியும். வங்கி முகாமையாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. உடனே ஒரு வங்கியில் சேர்வதா, பட்டம் முடித்துவிட்டுப் போவதா? சிங்களம் பேச வராது, அது தடையா? திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே இருந்து மேலே வர முடியுமா? வீட்டில் வேறு, "பொம்பிளைப் பிள்ளை ஊர் ஊராக மாற்றத்தில் அலைய வேண்டாம், டீச்சிங் பார்" என்கிறார்களாம்.

இந்த மாவட்டத்தில் வங்கிக் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். நல்ல முகாமையாளர்களுக்குக் கீழேயும் வேலை செய்திருக்கிறேன், அந்தக் கதிரைக்குப் பொருந்தாதவர்களுக்குக் கீழேயும் வேலை செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதவி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியில் இருந்து பார்த்தால் கண்ணாடி அறை, குளிரூட்டி, கையெழுத்து, எல்லோரும் எழுந்து நின்று தரும் மரியாதை. உள்ளே இருக்கும் வேலை வேறு. மற்றவர்கள் நம்பி வைத்த காசை யாருக்குக் கடனாகக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிப்பதும், கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும்தான் அந்தக் கதிரையின் மையமான வேலை. கணக்குத் திறப்பது, காசோலை, பெட்டகம், ஏ.டி.எம். எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை இருக்கிறது. படித்து அப்படியே செய்தால் போதும். நிலாவெளியில் விடுதி கட்டக் கடன் கேட்டு ஒருவர் முன்னால் வந்து உட்காரும்போது "ஆம்" சொல்வதா "இல்லை" சொல்வதா என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் முழு விடை தராது. அந்த விடையைச் சொல்லக் கற்றுக்கொண்டவர்தான் முகாமையாளர் ஆகிறார். உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் இதை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

சரி, நுழைவு வழிகள். இலங்கையில் வங்கிக்குள் போகப் பொதுவாக இரண்டு வாசல் உண்டு. ஒன்று, உயர்தரம் முடித்த கையோடு பயிலுனராகச் சேர்வது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி பார்ப்பார்கள், உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி என்று கேட்பார்கள். வயதெல்லை இருக்கும். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தோடு அந்தக் கதவு மூடிவிடும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற அரச வங்கிகள் போட்டிப் பரீட்சை வைத்து எடுக்கும்: பொது உளச்சார்பு, ஆங்கிலம், பிறகு நேர்முகம். தனியார் வங்கிகள் பல நேரம் நேர்முகத்திலேயே எடுத்துவிடும். இரண்டாவது வாசல், பட்டம் முடித்து முகாமைத்துவப் பயிலுனராகப் போவது. அங்கே ஆட்களைக் குறைவாகத்தான் எடுப்பார்கள், போட்டி கடுமை. ஆனால் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே சில படிகள் மேலே நிற்பார்கள்.

எது நல்லது? பல்கலைக்கழகம் கிடைத்தால் போங்கள் என்றே சொல்வேன். திருகோணமலை, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் வருகிறது. ஆகவே வெட்டுப்புள்ளி வெளிவரும் முன்னமே கிடைக்காது என்று முடிவு கட்டாதீர்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கல்விப் பீடம் இருக்கிறது. வீட்டில் இருந்து தூரம் போக முடியாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் முகாமைத்துவம் படிக்கலாம். வங்கியியலையே பட்டமாகப் படிக்க விரும்பினால் குளியாப்பிட்டியில் உள்ள வயம்ப பல்கலைக்கழகத்தில் வங்கியியலும் நிதியும் என்ற துறை உண்டு. அங்கே போனால் சிங்களமும் தானாக வந்துவிடும்.

கிடைக்காவிட்டால் மறுபடி பரீட்சை, மறுபடி பரீட்சை என்று காலத்தைக் கடத்தாதீர்கள். அந்த வயதெல்லை உங்களுக்காகக் காத்திருக்காது. பயிலுனராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதுங்கள். 1964இல் பயிற்சி நிறுவனமாகத் தொடங்கி 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பு அது. கீழ்ப்படிச் சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா வரை போகும். பதவியுயர்வு நேர்முகத்தில் அந்த டிப்ளோமாவுக்கு இருக்கும் மதிப்பை வெளியில் இருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆங்கில இலக்கியத்திலோ விலங்கியலிலோ பட்டம் வைத்திருப்பவரையும் அந்த டிப்ளோமா இல்லாவிட்டால் ஓரமாக நிறுத்திவிடும் நேர்முகக் குழுக்கள் உண்டு. கணக்கீட்டில் பிடிப்பு இருந்தால் ஏ.ஏ.டி. என்ற கணக்கீட்டுத் தொழில்சார் படிப்பைச் செய்யலாம். இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஒன்றை எடுத்து முடியுங்கள். பாதியில் விட்ட மூன்று படிப்பைவிட முடித்த ஒன்று மேல்.

பயிலுனராகப் போய் முகாமையாளர் ஆக எவ்வளவு காலம் எடுக்கும் என்றால், வழமையாகப் பத்து ஆண்டுக்கு மேல்தான். பயிலுனர், வங்கி உதவியாளர், அலுவலர், கிளையின் செகண்ட் ஒபிசர், உதவி முகாமையாளர், பிறகு சிறிய கிளைக்கு முகாமையாளர். வங்கிக்கு வங்கி பெயரும் தரமும் மாறும். ஏணி கிட்டத்தட்ட இதுதான்.

இந்த ஏணியில் பலர் நின்றுவிடும் ஒரு படி இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். கவுண்டர் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். காசு எண்ணுவதில் பிழை வராது, வாடிக்கையாளர் விரும்புவார், பின்னேரம் கணக்கு ஒரு சதம் பிசகாமல் முடியும். அப்படிப்பட்டவரை விட எந்த முகாமையாளருக்கும் மனம் வராது. அவரும் தெரிந்த வேலை, நிம்மதி என்று இருந்துவிடுவார். பத்து வருடம் போனபின் பதவியுயர்வு நேர்முகத்தில் "ஒரு கடன் கோரிக்கையை எப்படி மதிப்பிடுவீர்கள்?" என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் கவுண்டர், அடகு, நடைமுறைக் கணக்கு, காசோலை என்று சுற்றிவந்து, பிறகு வாய் திறந்து கேளுங்கள்: "சேர், என்னைக் கடன் பிரிவில் போடுங்கள்." ஒரு தடவை கேட்டுக் கிடைக்காவிட்டால் மறுபடி கேளுங்கள். பெண் பிள்ளைகளை முன்கவுண்டரிலேயே வைத்திருக்கும் பழக்கம் இன்னும் சில கிளைகளில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

கவுண்டரில் இருக்கும் காலம் வீண் இல்லை. யார் எந்த நாளில் காசு போடுகிறார்கள், யாருடைய காசோலை அடிக்கடி திரும்புகிறது, எந்தக் கடைக்காரர் மாதக் கடைசியில் தடுமாறுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். ஒழுக்கத்துக்கும் அதுதான் பள்ளிக்கூடம். கடவுச்சொல்லை நண்பருக்குக் கூடக் கொடுக்கக் கூடாது, பெட்டகத்தின் இரண்டு திறப்பும் ஒருவர் கையில் சேரக் கூடாது, பத்து இலட்சமும் அதற்கு மேலும் காசாக வந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போக வேண்டும் (2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம்). "தெரிந்த ஆள்தானே" என்று ஒரு கையெழுத்தை ஒப்பிடாமல் விட்ட நல்ல மனிதர்கள் வேலை இழந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் திருடியவர்கள் இல்லை. நடைமுறையைத் தளர்த்தியவர்கள். வங்கி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

இனி கடன் மேசை. எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனென்றால் திருகோணமலையில் கடன் கொடுப்பது கொழும்பில் கொடுப்பது போல இல்லை.

கொழும்பில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம். சம்பளச் சீட்டைப் பார்த்து, பிடிப்புகளைக் கழித்து, தவணையைக் கணக்குப் போடலாம். நம் மாவட்டத்தில் பிறீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், அரச உத்தியோகம், ஆசிரியர்கள் என்று சம்பளக்காரர்கள் இருந்தாலும் பெரும்பகுதி வருமானம் காலத்தோடு வந்து காலத்தோடு போவது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல்: பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில், சிறுபோகம் ஆவணி, புரட்டாதியில். இரண்டு தடவைதான் கையில் காசு. மீனவருக்கு வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், சிறுபடகு இறங்காது. உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரருக்குச் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரைதான் சீசன். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை, வெறும் அறைகள்.

ஒரு உதாரணம் பாருங்கள். சிறிய விடுதி ஒன்று சீசனின் ஆறு மாதமும் செலவு போக மாதம் மூன்று இலட்சம் தருகிறது என்று வைப்போம். மற்ற ஆறு மாதம் ஒன்றுமில்லை. வருடத்துக்கு 18 இலட்சம். குடும்பச் செலவு மாதம் 60 ஆயிரம், வருடத்துக்கு 7.2 இலட்சம். மிச்சம் 10.8 இலட்சம். மாதம் 75 ஆயிரம் தவணையில் கடன் கொடுத்தால் வருடத்துக்கு 9 இலட்சம். கடதாசியில் பார்த்தால் பொருந்துகிறது, 1.8 இலட்சம் மிஞ்சுகிறது. பயிற்சியில்லாத அலுவலர் இதைப் பார்த்துவிட்டுப் பரிந்துரை எழுதிவிடுவார்.

ஆனால் ஐப்பசியில் இருந்து பங்குனி வரை அந்த மனிதருக்கு மாதம் ஒரு இலட்சத்து 35 ஆயிரம் வேண்டும், ஆறு மாதத்துக்கு 8.1 இலட்சம். சீசனில் எல்லாச் செலவும் போக மிஞ்சும் 9.9 இலட்சத்தில் இந்த 8.1 இலட்சத்தைத் தொடாமல் மூடி வைத்திருந்தால்தான் சமாளிக்கலாம். யாரால் முடியும்? கூரை ஒழுகும், தங்கைக்குக் கல்யாணம் வரும், பக்கத்துக் காணி விலைக்கு வரும். கார்த்திகையில் முதல் தவணை தவறும். தவணை தவறி 90 நாள் தாண்டினால் அது செயற்படாக் கடன், மாசி மாதத்தில் அந்தக் கணக்கு உங்கள் கிளையின் கெட்ட பட்டியலில் நிற்கும். அதே மனிதருக்கு அதே கடனைச் சீசனில் மாதம் ஒன்றரை இலட்சமும் மழைக்காலத்தில் வட்டி மட்டும் என்றும் வகுத்துக் கொடுத்தால் அவர் நல்ல வாடிக்கையாளர். கடனும் அதே, ஆளும் அதே. தவணையின் வடிவம் மட்டும் அவருடைய வருமானத்தின் வடிவத்துக்குப் பொருந்துகிறது. இதைத் தலைமையகத்துக்கு எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, அனுமதி வாங்கித் தரத் தெரிந்தவர் இந்த மாவட்டத்துக்கு ஒரு வரம். மூதூரில் வயல்காரர் மத்தியில் வளர்ந்த உங்களுக்கு இந்தக் காலக்கணக்கு பழக்கப்பட்டது. கொழும்பில் இருந்து வரும் அலுவலர் இதைப் படிக்க இரண்டு வருடம் எடுக்கும்.

அடுத்தது ஈடு. இங்கே பெருமளவு காணி பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணியை, முழு உரிமை தரும் அறுதி உறுதிப் பத்திரம் உள்ள காணி மாதிரி நினைத்தபடி ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதியும் நிபந்தனைகளும் உண்டு. போரில் உறுதியைத் தொலைத்தவர்கள், 2006இல் சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து பல ஆண்டு முகாமில் இருந்துவிட்டு 2015க்குப் பின் திரும்பியவர்கள், 2004 சுனாமியில் வீடும் பத்திரமும் போனவர்கள் எல்லாம் நம் வாடிக்கையாளர்கள். இவர்களிடம் "உறுதி இல்லையா, அப்படியென்றால் முடியாது" என்று சொல்வது சுலபம். காணிப் பதிவகத்தில் எதைத் தேடலாம், பிரதேச செயலகத்தில் எதைக் கேட்கலாம், ஈடு இல்லாமல் பிணையாளிகளை வைத்து எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்து வழிகாட்டுவது கஷ்டம். நீங்கள் கஷ்டமானதைப் படியுங்கள்.

நகை அடகும் இங்கே பெரிய வேலை. பவுண் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதால் ஆபத்தே இல்லாத கடன் என்று பலர் நினைக்கிறார்கள். 2013இல் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஒரே ஆண்டில் கால்பங்குக்கு மேல் விழுந்தது. முன்னர் உயர்ந்த விலையைப் பார்த்துத் தாராளமாக அடகு பிடித்த வங்கிகள் மாட்டிக்கொண்டன. நகையை மீட்பதைவிட விட்டுவிடுவதே வாடிக்கையாளருக்கு இலாபம் என்றாகிவிட்டது. விலை ஏறும் காலத்தில் இன்றைய விலைக்கு எவ்வளவு வீதம் கொடுக்கலாம் என்று கேட்கும்போது அந்த ஆண்டை நினைவில் வைத்திருங்கள்.

கிண்ணியா, மூதூர் வர்த்தகர்கள் பலர் வட்டிக் கடன் தொடமாட்டார்கள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வங்கிகள் இஸ்லாமிய முறையில் நிதி வழங்கச் சட்டத்தில் இடம் வந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது, வேறு சில வங்கிகளும் அதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. முராபஹா என்றால் பொருளை வங்கி வாங்கி, தன் இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு விற்பது. இஜாரா என்றால் குத்தகை. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இந்த மாவட்டத்தில் வேலை செய்யப் போகிறவர் இதைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். "அதுவும் வட்டிதான், பெயர்தான் வேறு" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லும் அலுவலர் கிண்ணியாவில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார்.

கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை, நாங்கள் பேச்சில் கிரிப் என்பது, 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. கடன் கேட்பவர் வேறு எங்கே எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதை அது காட்டும். ஆனால் எல்லாவற்றையும் காட்டாது. சீட்டு, கடைக் கடன், வட்டிக்காரரிடம் வாங்கியது, கிராமத்துக்கு வந்து கொடுத்துப் போகும் நுண்கடன்களில் சில அதில் வராது. கிழக்கில் நுண்கடனில் சிக்கிய பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் நிலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது அறிக்கை சுத்தமாக இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கே இன்னொரு கடன் கொடுப்பது உதவி இல்லை. "இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி, ஏன் என்று விளக்குவதும் முகாமையாளரின் வேலைதான்.

நல்லபடி பார்த்துக் கொடுத்த கடனும் கெட்டுப் போகும் காலம் வரும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், 2020இல் கொரோனா, 2022இல் டொலரும் எரிபொருளும் இல்லாத நிலை என்று நிலாவெளி விடுதிக்காரர் ஒருவருக்கு மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7.5 வீதத்தில் இருந்து 14.5 வீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை அதன்பின் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர்தரப் பொருளியலில் கொள்கை வட்டி என்று படித்த பாடம் அன்றைக்கு உப்புவெளியில் ஒரு குடும்பத்தின் சமையலறைக்குள் வந்து நின்றது. அந்த நேரத்தில் வாடிக்கையாளரின் தொலைபேசியை எடுத்து, உட்கார்ந்து பேசி, கடனை மறுசீரமைத்துக் கொடுத்த முகாமையாளர்களும் இருந்தார்கள். அறிவித்தல் கடிதம் மட்டும் அனுப்பியவர்களும் இருந்தார்கள். முதலாமவர்களின் கிளைகளில் பின்னர் காசு திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பொருளாதார நெருக்கடியில் சிக்கிய தொழில்காரர்களுக்காக 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கும்போது, கடன்காரர் ஒருவரின் குழந்தைகள் வாசலில் நிற்கும்போது, என்ன செய்வது என்று இப்போதே யாரும் சொல்லித் தர முடியாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். அந்தக் காசு வங்கியின் காசு இல்லை. சவூதியில் வேலை செய்து ஒரு தாய் அனுப்பியதும், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் நிலையான வைப்பும்தான் கடனாகப் போயிருக்கிறது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான். அதற்கு மேல் உள்ளது உங்களைப் போன்றவர்கள் எடுக்கும் தீர்மானங்களை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் மொழிக் கேள்வி. சிங்களம் வராதது இன்றைக்குத் தடை இல்லை, பத்து வருடம் கழித்தும் வராவிட்டால் தடை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஒவ்வொரு சமூகமும் கால்பங்குக்கு மேல். கந்தளாயிலும் சேருவிலவிலும் கிளை நடத்த வேண்டுமானால் வயல்காரரிடம் அவருடைய மொழியில் விலையும் தவணையும் பேச வேண்டும். பிராந்தியக் கூட்டங்களிலும் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் போகும். சுற்றறிக்கையும் கடன் அறிக்கையும் ஆங்கிலத்தில். ஆகவே எழுத ஆங்கிலம், பேசச் சிங்களம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல், கவுண்டரில் வரும் சிங்கள வாடிக்கையாளரிடம் தப்பும் தவறுமாகப் பேசத் தொடங்குங்கள். சிரிப்பார்கள், பிறகு திருத்தித் தருவார்கள். நான் பார்த்த அளவில் மூன்று மொழியும் பேசும் அலுவலர்களுக்குக் கிழக்கில் எப்போதும் தட்டுப்பாடுதான். மூன்றும் தெரிந்த ஒரு பெண் அலுவலரைத் தலைமையகம் கண்ணில் படாமல் விட்டுவிடாது.

மாவட்டத்துக்குள்ளேயே இருந்து முகாமையாளர் ஆகலாமா? நேர்மையாகச் சொன்னால், கடினம். வங்கிகள் வேண்டுமென்றே இடம் மாற்றும், ஒரே ஊரில் நீண்ட காலம் இருப்பவரைச் சுற்றி உறவும் கடமைப்பாடும் வளர்ந்துவிடும் என்பதால். முகாமையாளருக்கு அது இன்னும் கண்டிப்பு. அனுராதபுரம், வவுனியா, மட்டக்களப்பு என்று சில ஆண்டுகள் போக வேண்டி வரும். அதற்கு மனத்தைத் தயார்படுத்துங்கள், வீட்டாரையும் தயார்படுத்துங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூரில் இருந்து நகருக்கு வந்து வேலை பார்த்துத் திரும்புவது முன்பு போல் பெரிய பாடு இல்லை, அதனால் முதல் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தே போய்வர வாய்ப்புண்டு. ஆசிரியத் தொழில் நல்ல தொழில், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றம் வரும் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஆசிரியருக்கும் மாற்றம் வரும். வங்கிகளில் பெண் முகாமையாளர்கள் இன்று அபூர்வம் இல்லை. கடன் அறவிடப் போவது பற்றி வீட்டார் பயந்தால், அந்தப் பயணம் தனியாகப் போவது இல்லை, இன்னொரு அலுவலரோடுதான் போவது என்று சொல்லுங்கள். தனியாகப் போகச் சொன்னால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

சம்பளம் வங்கிக்கு வங்கி வேறுபடும், தொகை சொல்ல மாட்டேன். தனியார் வங்கியில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதமும் வங்கியிடம் 12 வீதமும் போகும், நம்பிக்கை நிதிக்கு வங்கி 3 வீதம் போடும். நியமனக் கடிதத்தில் இவை இருக்கிறதா, ஒப்பந்த வேலையா நிரந்தரமா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள். ஊழியர் கடன் குறைந்த வட்டியில் கிடைக்கும், அதை முதல் வருடமே முழுவதும் எடுத்துவிட்டு வேலையை விடவும் முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கவனம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். "வங்கியில் வேலை எடுத்துத் தருகிறேன், இரண்டு இலட்சம் தாருங்கள்" என்று யாராவது வந்தால் அவர் அரசியல்வாதியின் ஆளோ சொந்தக்காரரோ, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் ஊரிலேயே உண்டு. விளம்பரம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் வங்கியின் சொந்த இணையத்தளத்திலும் வரும். விண்ணப்பத்தை அங்கேயே போடுங்கள்.

வெட்டுப்புள்ளி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தினமும் எழுதிப் பழகுங்கள். உளச்சார்புப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். மூதூரில் ஒரு நெல் வியாபாரியிடமோ ஐஸ் போட்டு மீன் அனுப்புபவரிடமோ போய், ஒரு மூடைக்கு எவ்வளவு முதல், எவ்வளவு நாள் கடன், எப்போது காசு திரும்பி வருகிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். நேர்முகத்தில் "ஏன் வங்கித் தொழில்?" என்று கேட்பார்கள். எல்லோரும் "மக்களுக்குச் சேவை செய்ய" என்பார்கள். நீங்கள் அந்த நெல் வியாபாரியின் கணக்கைச் சொல்லி, அவருக்கு எந்த மாதத்தில் எவ்வளவு கடன் தேவை, எந்த மாதத்தில் திருப்பித் தருவார் என்று சொல்லுங்கள்.